நியூயார்க்கில் ஏன் ஒரு ஆல்டர்நேட்டிவ் ராக் எஃப்எம் கூட நிலைப்பதில்லை?

சியாட்டிலிலும் போர்ட்லாண்டிலும் ஆல்டர்நேட்டிவ் ராக் (தொண்ணூறுகளில் நிர்வாணா, பேர்ல் ஜாம் போன்ற குழுக்கள் பிரபலமாக்கிய ராக் வகை) நிலையம் இருக்கும்போது, அமெரிக்காவின் மிகப் பெரிய வானொலிச் சந்தையான நியூயார்க்கில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ராக் கேட்க ஆளில்லை என்பார்கள் பலர். நியூ ஜெர்சியில் கார் ஓட்டிக்கொண்டே அந்த நிலையங்களைக் கேட்டு வந்தவன் நான். எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. ஆள் இருந்தார்கள். அதே அலைவரிசையில் அவர்களைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் வேறு நேயர்களும் இருந்தார்கள், அதுதான் வம்பு.

முதலில் இடத்தைப் பாருங்கள். அங்கே எஃப்எம் என்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. 92-க்குக் கீழே இருப்பது வணிக நோக்கமில்லாத நிலையங்களுக்கு. மேலே இருப்பதில், பெரிய நிலையங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுகிறார்கள். நியூயார்க்கில் 92.3, 93.1, 93.9 என்று எண்ணிக்கொண்டே போனால் 107.5-இல் முடிந்துவிடும். மொத்தம் 20 இடம். அதில் 93.9, 99.5, 105.9 மூன்றும் நன்கொடையில் ஓடுபவை. 95.5-ஐ 2019-இல் ஒரு கிறிஸ்தவப் பாடல் அமைப்பு வாங்கிவிட்டது. விளம்பரத்தை நம்பி ஓட மிஞ்சுவது 16.

ஜனத்தொகை பெருகினாலும் அலைவரிசை பெருகாது. போர்ட்லாண்டிலும் கிட்டத்தட்ட இதே அகலத்துக்குள்தான் எல்லோரும் உட்கார வேண்டும். ஆனால் அங்கே ஓர் இடத்தின் விலை குறைவு, போட்டியும் குறைவு. நியூயார்க்கில் நகர மக்களில் கால்வாசிக்கும் மேல் ஹிஸ்பானிக் மக்கள்; ஸ்பானிஷ் நிலையங்களுக்கு இடம் வேண்டும். ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பியும் அந்த ஊரின் சொந்தச் சரக்கு. இது போக பாப், பழைய பாட்டு, கிளாசிக் ராக். மெயின் பஜாரில் கடை வைத்த கதைதான்: வியாபாரம் நடந்தால் மட்டும் போதாது, அந்த வாடகைக்கு ஈடாக நடக்க வேண்டும். ஆல்டர்நேட்டிவுக்கு மட்டும் இந்தக் கதி என்றும் நினைக்க வேண்டாம். 1996 முதல் 2013 வரை நியூயார்க்கில் கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசைக்கு ஒரு பெரிய நிலையமே கிடையாது. 2013-இல் 94.7-இல் வந்தது, 2021-இல் அதுவும் போயிற்று.

இப்போது 92.3-இன் கதை. கே-ராக் என்ற பெயரில் அது 1996-இல் ஆல்டர்நேட்டிவுக்கு மாறியது. ஆனால் கூட்டத்தை இழுத்தது பாட்டைவிட ஹோவர்ட் ஸ்டெர்னின் காலை நிகழ்ச்சிதான். 2005 முடிவில் அவர் சாட்டிலைட் வானொலிக்குப் போனதும் நிலையத்தைப் பேச்சு நிலையமாக்கினார்கள். அது எடுபடாமல் 2007-இல் மறுபடி ராக். 2009-இல் பாப். 2017-இல் ஆல்ட் 92.3 என்ற பெயரில் மறுபடி ஆல்டர்நேட்டிவ். 2022 அக்டோபரில் 1010 வின்ஸ் என்ற ஏஎம் (எஃப்எம்முக்கு முந்தைய பழைய வகை ஒலிபரப்பு) செய்தி நிலையத்தை அப்படியே அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

101.9-இலும் இதே மாதிரி. 2008-இல் ராக் வந்தது, 2011-இல் கைமாறிச் செய்தி நிலையமாயிற்று. செய்தி போணியாகாமல் 2012-இல் ராக் திரும்பி வந்தது. சில மாதம்தான். சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனம் அதை வாங்கி, ஏஎம்மில் இருந்த தன் விளையாட்டு நிலையமான டபிள்யூ-ஃபேனை அங்கே ஏற்றியது.

கவனித்தீர்களா, இரண்டு இடத்தையும் கடைசியில் விழுங்கியது ஒரு ஏஎம் நிலையம். இளைஞர்கள் ஏஎம் பக்கமே போவதில்லை. ஆனால் செய்திக்கும் விளையாட்டுக்கும் விளம்பரப் பணம் கொட்டுகிறது, அந்தப் பெயர்கள் பல பத்தாண்டுகளாக ஊருக்கே தெரிந்தவை. அவற்றைக் காப்பாற்ற எஃப்எம்மில் ஓர் இடம் வேண்டும். 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பெரிய ஊரில் ஒரே நிறுவனம் எட்டு நிலையம் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தது, அதில் எஃப்எம் ஐந்து வரை. வின்ஸும் ஆல்ட் 92.3-உம் ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. ஒரு பைசா விலை கொடுக்காமல் மாற்ற முடிகிறபோது யார்தான் யோசிப்பார்கள்?

இதில் ஆல்டர்நேட்டிவின் சொந்த பலவீனமும் உண்டு. விளம்பரக்காரர்கள் பெரும்பாலும் 25 முதல் 54 வயதுக் கணக்கைப் பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். இந்த வகை நிலையங்கள் குறிவைத்ததோ இளம் ஆண்களை, அவர்களோ வானொலியை விட்டு போனுக்கு முதலில் தாவியவர்கள். நிர்வாணாவும் பேர்ல் ஜாமும் இப்போது கிளாசிக் ராக் நிலையத்திலேயே ஓடுகின்றன. இமேஜின் டிராகன்ஸ் மாதிரி புது ஹிட்டுகளை பாப் நிலையமும் போட்டுவிடுகிறது. இங்கே மட்டும்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் என்ன?

வாஷிங்டனில் பெரும்புகழோடு இருந்த ஆல்டர்நேட்டிவ் நிலையமான டபிள்யூஎச்எஃப்எஸ் 2005 ஜனவரியில் ஒரே நாளில் ஸ்பானிஷ் நிலையமானதற்கும் அடிப்படை இதே கணக்குதான்.

மறுபடி வருமா என்றால், 92.3-இல் மட்டும் மூன்று தடவை வந்திருக்கிறது, அதனால் வராது என்று சொல்ல மாட்டேன். அதுவரை 92-க்குக் கீழே தேடுங்கள். ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் 90.7 டபிள்யூஎஃப்யூவி, ஜெர்சி சிட்டியின் 91.1 டபிள்யூஎஃப்எம்யூ இரண்டும் இருக்கின்றன. முதலாவது, நீங்கள் கேட்கிற இசைக்கு ஓரளவு பக்கத்தில் வரும். இரண்டாவதில் அடுத்த பாட்டு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கு அதுதான் பிடிக்கும்.