சாய்மனைக் கதிரையும் திருவலையும்

வணக்கம். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரண்டு கிழமை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கந்தோரில் எல்லோரும் கணக்கு முடிக்க ஓடித்திரியும் நேரத்தில் நான் மட்டும் படுத்திருப்பது பெரிய குற்றவுணர்வாக இருக்கிறது. விடிய ஐந்து மணிக்கே எழும்பி ஓடுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தால் இன்னும் மோசம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா தனியாகவே எல்லாம் செய்கிறார், அவரைப் பார்க்கவும் வெட்கமாக இருக்கிறது. மனம் உறுத்தாமல் ஓய்வெடுக்க ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

வீடியோ பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். கந்தோர்க் கணக்கு நீங்கள் இல்லாமலும் முடியும், அதையும் விடுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் பயப்பட வேண்டிய நாள். அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் அலுப்பு அதோடு போகாது, கிழமைக்கணக்கில் உடம்பில் நிற்கும். நன்றாகப் படுங்கள் பிள்ளை, தம்பிலி குடியுங்கள், ஆறுதலாக எழும்புங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த அக்காவைப் பற்றிய ஒற்றை வரி. கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1966இல் இலங்கையில் சனி, ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயாவை, அதாவது அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைச் சந்திரன் என்று பௌத்தர்கள் அனுட்டிக்கும் நாட்களை, விடுமுறையாக்கினார்கள். 1971 வரை அப்படித்தான் ஓடியது. சந்திரனைப் பார்த்து லீவு விட்டதால் ஒரு கிழமை போல மறு கிழமை இருக்காது. அப்போது நான் சின்னப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் இருந்தோம். போயா வந்தால் அப்பா சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிப் பேப்பர் படிப்பார், மத்தியானம் நித்திரை கொள்வார், எழும்பியதும் தேத்தண்ணி கேட்பார். அம்மாவுக்கு அன்றைக்கு வேலை கூட. அப்பா வீட்டில் நிற்கிறார் என்று இரண்டு கறி அதிகம் வைக்க வேண்டும். ஒருமுறை காய்ச்சலோடு குசினியில் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா, சேலைத் தலைப்பை நெற்றியில் இறுக்கிக் கட்டியிருந்தா, பூ விழுகிற தட்டில் வேர்வையும் விழுந்துவிடாமல் முகத்தை அடிக்கடி தோளில் துடைத்துக்கொண்டா. விடுமுறை நாளையே மாற்றிப் பார்த்த அரசாங்கத்துக்கு அந்தக் குசினி கண்ணில் படவில்லை. அப்பாவுக்கும் படவில்லை. அவர் கெட்டவரில்லை, பாசமான மனுசன். அவருடைய ஓய்வை அம்மாதான் சமைத்துக் கொடுத்தா என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உங்களைப் போலக் கந்தோரில் வேலை செய்பவருக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை, இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெஷுவல் லீவு எல்லாம் அதில் உண்டு. போராடி வாங்கிய உரிமை அது, அதை எடுத்துக்கொள்ள யாரிடமும் வெட்கப்படாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் அக்கா அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அவருக்கு லீவு என்றால் நீங்கள் கொடுப்பதுதான். அவர் கடைசியாக எப்போது சம்பளம் வெட்டாமல் ஒரு நாள் வீட்டில் நின்றார்? அவருக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன செய்தீர்கள்? மல்லி அவித்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவச் சொல்லவில்லைதானே? அவரைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கந்தோரை நினைத்து வருகிற உறுத்தல் வீண், அதைத் தூக்கிப் போடுங்கள். இந்த வெட்கம் மட்டும் நியாயமானது, இதை ஆற்றிவிடாதீர்கள். ஆனால் அவரைப் பார்த்து மனம் நொந்துகொண்டே படுத்திருந்தால் அவருக்கு அதனால் ஒரு சதம் பிரயோசனமில்லை.

உடம்பு தேறியதும் இதைச் செய்யுங்கள். கிழமையில் ஒரு முழு நாளும் இப்போது விடுமுறையாக இருக்கும் பௌர்ணமிப் போயா நாளும் அவருக்கு லீவு, சம்பளத்தோடு. வாயால் சொன்னால் மறந்துபோகும், சுவரில் தொங்கும் கலண்டரில் அவர் முன்னாலேயே வட்டம் போடுங்கள். "அன்றைக்குச் சமையல் யார்?" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்டவரையே குசினிக்கு அனுப்புங்கள். அக்கா லீவு எடுத்த முதல் நாள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.