போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான்!

குழந்தைகளும் திரையும் குறித்த கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்கள்.

என் மகனுக்கு ஒன்றரை வயது. போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். எடுத்துவிட்டால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. என்ன செய்வது டாக்டர்?

அதிகம் வந்த கேள்வி இதுதான். பாட்டில் லயித்திருக்கும் பிள்ளைக்கு வாயில் போவதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. கிண்ணம் காலியானதில் நமக்கு நிம்மதி. ஆனால் மென்று சாப்பிடவும், போதும் என்று காட்டவும் அவன் பழகவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 2 வயதுவரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

மெல்ல மெல்லக் குறைப்பதைவிட, சாப்பாட்டு வேளையில் மட்டும் ஒரேயடியாக நிறுத்துவது சுலபம். சில நாள் ஆர்ப்பாட்டம் இருக்கும். நீங்கள் சாப்பிடும்போதே பக்கத்தில் உட்காரவைத்து, அவன் தட்டில் இட்லியைப் பிய்த்துப் போடுங்கள். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையே என்று நடுவில் பிஸ்கட், பால் கொடுத்தால் அடுத்த வேளையும் பசிக்காது. பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். எடை ஒழுங்காக ஏறினால், ஒரு வேளை குறைந்ததற்குக் கவலைப்படாதீர்கள். ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

பகலில் 3 வயது மகளை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மாலை 6 மணிக்கு சீரியல் தொடங்கினால் 10 மணிவரை ஓடும். இவளும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். சொன்னால் சண்டை வரும்.

பகலெல்லாம் பேத்தி பின்னால் ஓடியவர், மாலையில் டிவி முன் உட்காருவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு மிகவும் பிடித்த இரண்டு சீரியலை அவர் பார்க்கட்டும். அந்த நேரத்தில் உங்களில் ஒருவர் குழந்தையை மாடிக்கோ தெருவுக்கோ கூட்டிப்போகலாம். மற்றதை மறுநாள் அவள் தூங்கும்போது போனில் பார்க்கட்டும். இதை உங்கள் கணவரே அவர் அம்மாவிடம் பேசுவது நல்லது. யாரும் பார்க்காமல் சும்மா ஓடும் டிவியையும் அணையுங்கள். அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 3 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும்.

அப்பா துபாயில் இருக்கிறார். தினமும் வீடியோ காலில் பேசுவதும் கெடுதலா?

இல்லை, தாராளமாகப் பேசட்டும். 2 வயதுக்குள் திரை கூடாது என்று சொல்லும், குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் உறவினர்களுடனான வீடியோ காலுக்கு விலக்கு தருகிறது.

பையனுக்கு 2 வயது 3 மாதம். 'அம்மா', 'தா' தவிரப் பேச்சில்லை. போன் பார்த்ததுதான் காரணம் என்கிறார்கள். நிறுத்தினால் சரியாகிவிடுமா?

நிறுத்துங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2 வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். முதல் வேலை, காது பரிசோதனை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா என்றும் கவனியுங்கள். இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடும் தேவைப்படும். போன் பார்த்து ஆட்டிசம் வந்தது என்று சுற்றும் வீடியோக்களைப் பார்த்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். அது நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகவே பரிசோதிப்பார்கள். 'அவன் மாமாவும் நாலு வயசுலதான் பேசினான்' என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

5 வயது மகள், போனை வாங்கினால் தரையில் உருண்டு அழுகிறாள்.

ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. எந்த இடத்தில் பிடுங்கினாலும் பாதியில் பிடுங்கியதுதான். முடிவுள்ள ஒரு கதையை டிவியில் போடுங்கள், தானாக அடுத்தது ஓடும் ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள். 'இது முடிந்ததும் குளிக்கப் போகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அழுகைக்குப் பயந்து தாத்தா ஒருநாள் போனைக் கொடுத்துவிட்டால், மறுநாள் அழுகை நீளும். அவரிடமும் சொல்லிவையுங்கள்.