சிறிய காரில் முதல் ட்ராக் டே: இன்ஜினை விட்டுவிட்டுப் பிரேக்கைக் கவனியுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட, முன்சக்கரங்களால் இயங்கும் மேனுவல் கியர் ஹேட்ச்பேக். ஆறு ஆண்டுகளாக அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் முறையாக ஒரு ட்ராக் டேயில், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் போட்டியின்றி ஓட்டிப் பார்க்கும் நாளில், பங்கேற்கப் பதிவு செய்திருக்கிறேன். ஸ்பிரிங்கைத் தாழ்த்த வேண்டும், ரேஸிங் பிரேக் பேட் போட வேண்டும், ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதே காரில்தான் வீடு திரும்பவும் வேண்டும். காரில் எதைச் செய்வது? ஓட்டும்போது எதில் கவனமாக இருப்பது?

பதில்: நண்பர்கள் சொன்ன மூன்றில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். முதல் ட்ராக் டேயில் ஒரு சிறிய காரின் எல்லையை அதன் இன்ஜின் தீர்மானிப்பதில்லை; பிரேக்கில் சேரும் வெப்பமும் ஓட்டுபவரின் பார்வையும்தான் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு வந்தால், கார் வளைவில் தடுமாறுவது உங்கள் கையாலா, புதிய ஸ்பிரிங்காலா என்று பிரித்தறியவே உங்களுக்கு வழியிருக்காது. செலவு செய்வதாக இருந்தால் அதைப் பிரேக் ஆயிலுக்கும், உடன் அமர்ந்து சொல்லித்தரும் பயிற்றுநருக்கும் செய்யுங்கள்.

பிரேக்கை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் எளிய கணக்குதான். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைக்க ஒரு முறை பிரேக் பிடித்தால், 50 கி.மீ. வேகத்தில் செல்லும் அதே காரை முழுவதும் நிறுத்தும்போது உண்டாவதைப் போல 6.4 மடங்கு வெப்பம் உண்டாகிறது. சாலையில் அப்படிப் பிரேக் பிடிக்க நேர்வது அரிது. ட்ராக்கிலோ ஒவ்வொரு சுற்றிலும் சில முறை, அதுவும் டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிற இடைவெளியில், இது நிகழ்கிறது. சிறிய காரின் குறைந்த எடை இங்கே உங்களுக்குச் சாதகம். ஆனால் அதன் டிஸ்க்கும் சிறியது என்பதால் அந்தச் சாதகத்தைப் பெரிதாக நம்பிவிடக் கூடாது.

இந்த வெப்பம் இரண்டு விதமாகத் தொல்லை தரும், இரண்டையும் காலாலேயே வேறுபடுத்தி உணரலாம். பெடல் வழக்கம்போல் இறுக்கமாகவே இருந்தும் கார் வேகம் குறையாமல் போனால், பேட் தன் பிடிமானத்தை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கி, வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழிகள் தோன்றியிருக்கின்றன. திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கக்கூடியது என்பதால் உங்கள் கால் தரும் விசை பேடைச் சென்றடைவதில்லை. இரண்டாவது நிலைதான் ஆபத்தானது. பெடலை வேகமாகப் பலமுறை அழுத்தி அழுத்தம் ஏற்றிக்கொண்டு, கியரைப் படிப்படியாகக் குறைத்து, மெதுவாகப் பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்கு) திரும்பிவிடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். பிரேக் ஆயில்களுக்கான தர வகைகளில் ஒன்றான டாட் 4-இன்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலைக்கு வகுத்துள்ள அளவோ 155 டிகிரிதான். ஆறு ஆண்டுக் காரில் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பதிவு இல்லையென்றால், மாற்றப்படவே இல்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. ட்ராக் டேக்கு ஒரு வாரம் முன்பாக, நான்கு சக்கரங்களுக்குமான பிரேக் குழாய்களில் உள்ள காற்றை நீக்கி, உங்கள் கார் கையேடு அனுமதிக்கும் தரத்தில் புதிய ஆயிலை நிரப்பச் சொல்லுங்கள். சிலிகான் அடிப்படையிலான டாட் 5 வகையை மட்டும் இதனுடன் எந்தக் காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. முன்பக்கப் பேட்கள் பாதிக்கும் மேல் தடிமனாக இருந்தால் போதும், இல்லையெனில் தரமான சாதாரணப் பேட்களையே புதிதாகப் போட்டு, சாலையில் ஓட்டிப் பதப்படுத்திக்கொள்ளுங்கள். ரேஸிங் பேட்கள் சூடேறினால்தான் முழுமையாகப் பிடிக்கும். குளிர்ந்த பேட்களோடு வீடு திரும்பும் பயணத்தில் முதல் சிக்னலிலேயே அந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

டயரைப் பொறுத்தவரை முதலில் அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். காரோடு வந்த முதல் டயர்களே இன்னும் இருந்தால், ரப்பர் இறுகியிருக்கும், விரிசலும் இருக்கக்கூடும். அவற்றை மாற்றிவிட்டு வருவது நல்லது. காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டு வரும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவிலேயே தொடங்குங்கள். டயருக்குள் இருக்கும் காற்று 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானாலே 30 பிஎஸ்ஐ ஏறத்தாழ 35 ஆகிவிடும். முதல் முறை ஓட்டி வந்தவுடன் அளந்து, நான்கைந்து பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால் மட்டும் அந்தக் கூடுதலைக் குறையுங்கள். வீடு திரும்பும் முன் டயர் ஆறியதும் பழைய அளவுக்கு மறவாமல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இன்ஜின் ஆயில் மேல்கோட்டுக்கு அருகில் இருக்கட்டும், ஏனெனில் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது அளவு குறைவாக இருந்தால் பம்புக்கு ஆயில் கிடைக்காமல் போகலாம். பெட்ரோல் டேங்கும் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். ட்ராக்கில் எரிபொருள் நீங்கள் எண்ணுவதைவிட விரைவாகத் தீரும். வீல் நட்டுகளைக் கையேட்டில் உள்ள விசை அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். தரைவிரிப்பு, தண்ணீர்ப் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி என்று காருக்குள் நகரக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது; பெடலுக்கு அடியில் உருண்டு வரும் ஒரு பாட்டில் போதும். சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீடு பெரும்பாலும் ட்ராக்கில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை என்பதால் பாலிசியின் விலக்குப் பகுதியை இப்போதே படித்துவிடுங்கள்.

இனி ஓட்டுவதைப் பற்றி. காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்; கொடிகளின் பொருளும் முந்தும் விதிகளும் அங்கேதான் சொல்லப்படும். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது, மெதுவாகப் பிட்டுக்கு வர வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. அன்று அங்கே மிக மெதுவான கார் உங்களுடையதாகவே இருக்க வாய்ப்புண்டு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நேர்ப்பாதையில் உங்கள் தடத்தை மாற்றாமல், ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தி, முந்த வேண்டிய பக்கத்தைக் கையால் காட்டி அவரைப் போகவிடுங்கள். கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வளைவுக்குள் நுழைவதுதான் தவறு.

வளைவுக்குச் செல்லும்போது, கார் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து, கியரையும் குறைத்து முடித்துவிடுங்கள். ஐந்திலிருந்து நான்குக்குப் போவதாக எண்ணி அவசரத்தில் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால், சக்கரங்களே இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றும். இன்ஜினின் சுழற்சி வேகத்துக்கு வரம்பிடும் மின்னணுக் கட்டுப்பாட்டால் அதைத் தடுக்க முடியாது. பிறகு பிரேக்கை விட்டு, வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக ஸ்டீயரிங்கைத் திருப்பி, வளைவின் உட்கரையை அதன் பாதியைத் தாண்டிய பிறகு தொடுங்கள். உட்கரையை முன்கூட்டியே தொட்டுவிட்டால் வெளியேறும் இடத்தில் பாதை போதாமல் போகும், அதுவும் வேகம் கூடும் இடத்தில். பார்வை எப்போதும் அடுத்து போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். கார் பார்வையைப் பின்தொடரும்.

முன்சக்கர இயக்கக் கார் வேகம் மிகும்போது பெரும்பாலும் வளையாமல் நேராகப் போகப் பார்க்கும். அப்போது ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவதால் பயனில்லை. முன் டயர்கள் ஏற்கெனவே தங்கள் பிடிமானம் முழுவதையும் செலவழித்துவிட்டன. ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் அவை மீண்டும் பிடிக்கும். "மெல்ல" என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வளைவின் நடுவில் அச்சத்தில் காலைச் சட்டென எடுத்தால் எடை முழுவதும் முன்னே பாய்ந்து, பின்சக்கரங்கள் இலேசாகி, காரின் பின்பகுதி வெளியே வீசப்படும். குட்டையான, எடை குறைந்த கார்களில் இது மிக விரைவாக நிகழும். எனவே கார் சறுக்குவதைத் தடுக்க உதவும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருந்தால் நாள் முழுவதும் அதை அணைக்காதீர்கள். மீறிக் கார் சுழலத் தொடங்கிவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுவதுமாக அழுத்தி, நிற்கும் வரை பிடித்திருங்கள். இரண்டு சக்கரங்கள் புல்லில் இறங்கிவிட்டால், உடனே ட்ராக்குக்கு இழுக்காமல் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வேகம் தணிந்த பிறகு சிறிது சிறிதாக ஏறுங்கள்.

ஒரு முறைக்கு 15 நிமிடம் தரப்பட்டாலும் முழுவதையும் விரட்டி ஓட்ட வேண்டியதில்லை. முதல் சுற்று டயரும் பிரேக்கும் சூடேற, அடுத்து மூன்று நான்கு சுற்றுகள் உங்கள் வேகத்தில், பிறகு பிரேக்கை ஏறக்குறைய தொடாமலேயே ஆறவைக்கும் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் கார் தாங்கும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். மிகச் சூடான பிரேக் இறுகிய நிலையிலேயே நிற்பது அதற்குக் கேடு. முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நேரத்தைக் கணக்கிடுவதைப் பல ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் முதல் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம். விபத்துகள் மாலையில், கவனம் சோர்ந்த பிறகு நேரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கடைசி ஓட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயங்காதீர்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் வீல் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, பேட் தடிமனையும் ஆயில் அளவையும் சரிபார்த்து, வண்டி நிற்கும் இடத்திலேயே பெடலை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அது காலையில் இருந்ததைவிடத் தளர்ந்திருந்தால், ஆறிய பிறகும் தளர்வு நீங்கவில்லையென்றால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.