மட்டக்களப்பில் இருந்துகொண்டு சுற்றுலா வழிகாட்டி வேலையை நம்பலாமா?

ஊர் மட்டக்களப்பு, ஆங்கிலம் ஓரளவு வரும், சுற்றுலா நிறுவனத்தில் வழிகாட்டியாகச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். ஆனால் ஆங்கிலத்தைவிட முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

கிழக்குக் கடற்கரைகளான பாசிக்குடாவும் அறுகம்பையும் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் களைகட்டும். வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் கொழும்பு நிறுவனங்கள் வான்களைத் தெற்கே காலி, மிரிஸ்ஸ கடற்கரைகள் பக்கம் திருப்பிவிடும். எங்கள் நிறுவனத்தில் மாதச் சம்பளம் கிடையாது. பயணம் உண்டானால் நாட்சம்பளம், பயணிகள் மனம்வைத்தால் டிப்ஸ். ஆகவே சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதே யோசியுங்கள். பிரதேச வழிகாட்டி என்றால் குறித்த பகுதியோடு சரி. வாகனம் ஓட்டத் தெரிந்தால் சாரதி வழிகாட்டிக்கு முயலுங்கள். மாரியில் பயணிகளோடு தெற்கே போய்விடலாம்.

வேலையில் பெரும்பாடு, கொழும்பு அலுவலகம் எழுதும் நிகழ்ச்சி நிரல். மட்டக்களப்புக்கு அரை நாள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பறித்த கோட்டை, பிறகு வெளிச்சவீடு, பிறகு வாவிக்குள் இருந்து இசைபோல் எழும் "பாடும் மீன்" ஒலி, அதுவும் பகல் பதினொரு மணிக்கு! பூரணை இரவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தடியில்தான் கேட்கும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். தோணிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பை வாவிக்குள் இறக்குவார். பயணி அதன் மேல்முனையில் காதை ஒட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். பாலத்தில் போகும் லொறிச் சத்தம்தான் கேட்கும். அதனால் தோணியில் ஏறும் முன்பே சொல்லிவிடுவேன்: இது இரவு விஷயம், அப்போதும் உறுதியில்லை, பாடுவது மீனா சிப்பியா என்பதிலும் வழக்கு முடியவில்லை என்று. சொன்னால் சிரித்துக்கொண்டு வருவார்கள். சொல்லாவிட்டால் இணையத்தில் எழுதுவார்கள்; பழி அச்சடித்தவருக்கு அல்ல, உங்களுக்கு.

1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸும் இப்படித்தான். அது ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, தேர்ந்த சுழியோடிகளுக்கு மட்டும் உரியது. ஸ்நோர்கல் மூச்சுக்குழாயும் கையுமாக வருபவரிடம் அதைச் சொல்வதும் நமது வேலையே.

போரையும் சுனாமியையும் கட்டாயம் கேட்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். முன் இருக்கையில் வண்டி ஓட்டுபவருக்கும் அதில் ஓர் இழப்பு இருக்கலாம்.

கொமிஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்டி இரத்தினக்கல் கடை, மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டம் மாதிரியான வரும்படி கிழக்கில் அதிகமில்லை. மருதமுனையில் கைத்தறி வாங்க அழைத்துப்போனால் எனக்குத் தேநீர் கிடைக்கும், அவ்வளவுதான். வரும்படி கூட வேண்டுமானால் மாரி மாதங்களில் ஜெர்மனோ பிரெஞ்சோ படியுங்கள். அந்த மொழிகள் தெரிந்தவர் நாட்சம்பளத்தைத் தானே பேசி வாங்கலாம்.