கேள்வி பதில்: பழங்கால கிரேக்கத்தில் குடும்பக் கட்டுப்பாடு

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு என்பது நம் காலத்துச் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். பழங்கால கிரேக்கர்களே அளவாகப் பெற்றார்கள் என்கிறார்களே, நிஜமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: நிஜம்தான். முக்கியக் காரணம் நிலம். அப்பா சொத்தை மகன்கள் சமமாகப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம், அதனால் நாலு பையன் பிறந்தால் காணியும் நாலு துண்டாகி யாருக்கும் வயிற்றுக்குக் காணாது. கி.மு. 700 வாக்கிலேயே ஹெசியட் என்ற கவிஞர், ஒரே மகன் இருந்தால் வீட்டில் செல்வம் பெருகும் என்று பாடிவிட்டார். பிளேட்டோ தன் கற்பனை நகரத்துக்கு 5,040 குடும்பங்கள்தான் என்று கணக்கே போட்டார். அரிஸ்டாட்டில், பிள்ளைகளுக்கு உச்சவரம்பு வேண்டும், அதை மீறிக் கரு உண்டானால் அதற்கு உணர்வு வருமுன் கலைத்துவிடலாம் என்று எழுதினார்.

சரி, வீடுகளில் என்ன செய்தார்கள்? கரு தங்காமலிருக்க ஆலிவ் எண்ணெயில் சாம்பிராணி குழைத்து உள்ளே தடவும் பழக்கத்தை அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். அதை நம்பி இருக்க முடியுமா? கடைசி வழி, பிறந்த குழந்தையை வெளியே போட்டுவிடுவது. வளர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அப்பா. பெற்றவளுக்கு அதில் அதிகாரம் இல்லை. போட்ட குழந்தையை யாராவது எடுத்துப் போனாலும் பெரும்பாலும் அடிமையாகத்தான் வளர்த்தார்கள். வரதட்சணை கொடுக்க வேண்டியிருந்ததால் பெண் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

கி.மு. 1-ம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதம் எகிப்தில் கிடைத்திருக்கிறது. அலெக்சாண்டிரியாவுக்கு வேலைக்குப் போன ஹிலாரியோன், கர்ப்பிணி மனைவி ஆலிஸுக்குக் கிரேக்க மொழியில் எழுதியது. கவலைப்படாதே, வீட்டிலிருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள், சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன் என்கிறார். அப்புறம், பிறப்பது ஆணாக இருந்தால் இருக்கட்டும், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்கிறார். அதே மூச்சில், என்னை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாயே, உன்னை எப்படி மறப்பேன் என்றும் எழுதுகிறார். பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம் வைத்தவர், ஒரு வரியில் மகளைத் தள்ளிவிட்டார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இன்னொரு பக்கம், ஆள் குறைந்து தவித்த ஊர்களும் உண்டு. ஸ்பார்ட்டாவில் குடிமக்கள் ஆயிரம் பேர்கூட இல்லாமல் போனார்கள், மூன்று மகன்களைப் பெற்றவருக்குப் படைச் சேவையே வேண்டாம் என்று சட்டம் இருந்தும்கூட. கி.மு. 2-ம் நூற்றாண்டில் பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர், கிரேக்கம் முழுக்க ஊர்கள் காலியாகின்றன, பிள்ளைகள் வசதியாக வாழட்டும் என்று ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், போரிலோ நோயிலோ அதுவும் போனால் வீடே வெறுமையாகிறது என்று புலம்பியிருக்கிறார். அவர் சொன்ன வழி: இதற்காகச் சாமியிடம் குறி கேட்க வேண்டாம், ஆசையைக் குறையுங்கள், இல்லையென்றால் பிறந்த குழந்தையை வளர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடுங்கள்.