பாதியில் விட வேண்டாம், படிக்கிற விதத்தை மாற்றுங்கள்

நண்பரே, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை, வீடு திரும்ப இரவு ஒன்பது, தொலைநிலை எம்பிஏவில் வியூக மேலாண்மை மட்டும் மண்டையில் ஏறவில்லை, இரண்டு அசைன்மென்ட் பாக்கி, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். அல்சூரில் இருந்துகொண்டு இதே பாடத்தை நானும் இரண்டாவது முறைதான் எழுதித் தேறினேன்.

ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் சொன்ன ஐந்து விசைகள், அதாவது ஒரு தொழிலில் எவ்வளவு லாபம் பார்க்க முடியும் என்பதைத் தீர்மானிக்கும் ஐந்து அழுத்தங்கள், எனக்குப் புரிந்தது எங்கள் தெரு தர்ஷினியில் (நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டல்) காபி டம்ளரோடு நின்றபோதுதான். எதிரிலேயே இன்னொரு தர்ஷினி, அது போட்டி. சின்ன இடமும் ஒரு தோசைக்கல்லும் இருந்தால் நாளைக்கே ஒருவர் புதிதாக நுழையலாம். ஆபீஸ் கேன்டீனும் வீட்டு டப்பாவும் மாற்றுப்பொருள். பால் விலை ஏறினாலும் கடைக்காரர் வாங்கித்தான் ஆக வேண்டும், அது சப்ளையர் பலம். காபிக்கு ஐந்து ரூபாய் கூட்டினால் நாம் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம், அது வாங்குபவர் பலம். இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு கேஸ் ஸ்டடி (ஒரு நிறுவனத்தின் நிலைமையை அலசி எழுதும் பயிற்சி) என்றால் இருந்த பயமே போய்விட்டது.

அப்புறம், மெட்ரோவில் கேஸை வாசிக்க மட்டும் செய்யுங்கள். எழுதுவது ஞாயிறு காலையில். பாக்கி இரண்டில் சிறியதை முதலில் முடியுங்கள். கடைசித் தேதி தாண்டும் முன்பே ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டு அவகாசம் கேளுங்கள். முதல் பக்கம் எழுதியதும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.