ஏற்காட்டில் மட்டும் கூத்து வேஷம் வெடிக்குதா?

பவுடர் மேல பழி போடாதீங்க, அதைக் குழைக்கிற எண்ணெய்தான் உறைஞ்சிருக்கு. சேலத்துல ஒத்திகையில நல்லா நின்ன துரியோதனன் பூச்சு ஏற்காட்டுல மட்டும் பாளம் பாளமா வெடிக்குதுன்னா, பெரும்பாலும் குளிர்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனாலே கட்டிதட்டும். மலையில மார்கழி ராத்திரியைக் கேக்கவே வேண்டாம்.

எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர்ல வெச்சு உருக்குங்க. இளஞ்சூடு ஆறுறதுக்குள்ள முத்துவெள்ளையை (வேஷத்துக்குப் பூசுற வெள்ளைப் பவுடர்) அதுல குழைச்சிரணும்.

முகத்துக்கு முன்னாடி புறங்கையில தடவி, பத்து நிமிஷம் கழிச்சு முஷ்டியை மடக்கிப் பாருங்க. கோடு விழுந்தா இன்னும் நாலு சொட்டு எண்ணெய் விடுங்க. ரொம்ப விட்டா பாதி ராத்திரியில மீசை தாடைக்கு இறங்கிரும் (அனுபவம்!).

மஞ்சள் நிறத்துக்குப் பழைய அரிதாரக் கல்லை யாராவது நீட்டினா வாங்காதீங்க. அதுல ஆர்சனிக் இருக்கு, சுத்த விஷம்.